பெண் கேட்கப் போன இடத்தில் நாட்டின் கடன்

எண்பதுகளின் நடுவில் கிள்ளானில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அவரை ஒய்.பி. என்பார்கள், 'மாண்புமிகு'வுக்கு மலாய்ச் சுருக்கம்; அவர் மனைவியும் அப்படித்தான். ஈய விலை விழுந்து, ரப்பர் விலை விழுந்து, தொழிற்சாலைகளில் ஆளை வேலையைவிட்டு நிறுத்திக்கொண்டிருந்த நேரம். தொகுதியில் கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு, மாட்டுத் தொல்லை என்று புகார்கள் குவிந்து கிடந்தன. ஒய்.பி.க்கோ மத்திய அரசாங்கத்தின் கடன்மேல் கவலை வந்துவிட்டது.

ஷா ஆலாமுக்குப் போகும் வழியெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து, சட்டமன்றத்தில் பேசப்போவதை ஒத்திகை பார்ப்பார். "வரவு பத்தல, அதனால கடன். கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன்" என்று கையை ஆட்டுவார். டோல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு, என்னிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்பார்.

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். காரைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற ஆள். இப்படிப்பட்டவன் முதுகுக்குப் பின்னால் தினமும் நாட்டின் கடனைப் பேசினால் என்ன ஆகும்? ஒய்.பி. பேசி முடித்து, இறங்கிப் போய் நன்றாகச் சாப்பிடுவார். நான் காரிலேயே உட்கார்ந்து அந்த வட்டியைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஒய்.பி., கடன் கொடுத்தவன் வந்தா எதத் தூக்கிட்டுப் போவான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாட்ட எப்படிடா தூக்குவான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் பெண். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் அவளைப் பார்த்திருந்தேன். மோர் ஊற்றிக் கொடுத்தவள், "ரெண்டாவது தடவையா வர்றீங்க" என்றாள். உண்மைதான். வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்பா இல்லை. அப்பா இல்லாத பையனுக்குப் பெண் கேட்கப் போனால், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேச ஒரு பெரிய ஆளை அழைத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கங்காணி வருவார். டவுனுக்கு வந்தபின் கோயில் தலைவர். அம்மா ஒரு படி மேலே போய் ஒய்.பி.யையே கேட்டுவிட்டார். அவரும் சந்தோஷமாகச் சரி என்றார்.

அந்த வாரம்தான் சட்டமன்றத்தில் அவர் பேச எழுந்தார். வாயைத் திறந்ததுமே சபாநாயகர் தடுத்துவிட்டார். அது மத்திய அரசாங்கத்தின் விஷயம், உங்கள் தொகுதியைப் பற்றிப் பேசுங்கள் என்று. ஒய்.பி. கால்வாயைப் பற்றி ஏதோ முனகிவிட்டு உட்கார்ந்தாராம். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சு முழுசாக உள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பேச்சோடுதான் ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறினார். மாப்பிள்ளை நான்; காரை ஓட்டியதும் நான்.

பெண்ணின் அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. அடுத்த வருடம் பென்சன். தட்டை வைத்து உட்கார்ந்ததும், மழையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி, "நாட்டு நெலம எப்படி இருக்குங்க ஒய்.பி.?" என்று கேட்டுவிட்டார்.

ஒய்.பி. நிமிர்ந்து உட்கார்ந்தார். வரவு, செலவு, கடன், வட்டி, வட்டிக்குக் கடன் என்று அணை உடைந்தது. அம்மா இருமினார். ஒய்.பி. அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். டீத் தட்டோடு வந்த பெண், கொடுக்க இடைவெளி கிடைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசியில் பெண்ணின் அப்பா கேட்டார். "அப்ப தம்பிக்கு யாரு சம்பளம் கொடுக்கிறது?"

"நான்தான்."

"உங்களுக்கு?"

"அரசாங்கம்."

அம்மா தட்டிலிருந்த வாழைப்பழத்தையே பார்த்தார். ஒய்.பி.க்கு அப்போதுதான் உறைத்தது.

"அது மாநில அரசாங்கம்லா. நான் சொன்னது மத்திய அரசாங்கம். எங்க பையனுக்கு ஒரு பயமும் இல்ல. உங்க ரயில்வேதான் அந்தப் பக்கம் வருது."

மாநிலத்துக்கும் பாதிப் பணம் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று காரில் அவரே சொல்லியிருந்தார்.

"அப்ப என் பென்சன்?" என்றார் பெண்ணின் அப்பா.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் ஒய்.பி., உற்சாகமாக.

பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் தள்ளிப்போடுவோம். நெலம தெரியட்டும்."

நாட்டின் நிலைமை எப்போது தெரிந்து, எனக்கு எப்போது கல்யாணம் ஆவது? அதுவரை அந்தக் கடனுக்குப் பயந்துகொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் அதன்மேல் கோபம் வந்தது.

சமையலறை வாசலிலிருந்து பெண்ணின் அம்மா கேட்டார். "ஏங்க ஒய்.பி., இந்தக் கடன எப்பக் கட்டி முடிக்கணும்?"

"அதுக்கு ஆகும்மா, இருவது வருசம், முப்பது வருசம்."

"அப்ப தையில கல்யாணத்த வச்சுக்கலாம். அதுக்குள்ள எவனும் வந்து கேக்க மாட்டானே?"

ஒய்.பி. நேர்மையாக யோசித்தார். "தைக்குள்ளயா? வர மாட்டான்."

"இருந்தாலும் சம்பளம் நின்னா..." என்று இழுத்தார் பெண்ணின் அப்பா.

"நின்னா லோரி ஓட்டுவாரு. லைசென்ஸ் இருக்குல்ல தம்பி?" என்றார் பெண்ணின் அம்மா.

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பெண்ணின் அப்பா அதை இரண்டு பக்கமும் படித்தார். ஒய்.பி.யின் பேச்சைக் கேட்டபோதுகூட அத்தனை கவனம் இல்லை. படித்து முடித்துத் தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். "சரி, தையிலயே வச்சுக்கலாம்."

திரும்பும்போது ஒய்.பி. கேட்டார். "நல்லாப் பேசினேன்ல?"

"நல்லாப் பேசினீங்க ஒய்.பி."

"சபாநாயகருக்கு அந்தப் பொறும இல்லடா."

பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. காலியாக இருந்தது. போலீஸ் நிறுத்தினால் ஒய்.பி.யின் காரில் லைசென்ஸ் இல்லாத டிரைவர். யாரையும் கேட்காமல் காரைத் திருப்பினேன்.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், கையில் லைசென்ஸோடு.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ரெண்டாவது தடவ வரணும் போல" என்றாள்.