டெண்டர் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விகள்

எனக்குப் பயம் காலையில் பல் விளக்கும்போதே தொடங்கிவிடும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் பயம். வந்தால், எங்கேயோ தண்ணீர் டாங்கி வெடித்துத்தான் இவ்வளவு வேகமாக வருகிறதோ என்று பயம். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். ஒன்பதில் விஞ்ஞானம் கஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்துச் சரிபார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்படிப்பட்ட நான்தான், விஞ்ஞானக் கருவிகளைப் பழுதுபார்க்கிற நிலையம் ஒன்றைக் கட்டித் தருகிறேன் என்று அரசாங்கத்துக்கு விலை போட்டேன்.

மாத்தளைப் பக்கம் பல்லேபொலையில், அரசாங்கக் காணி. பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் விவசாயப் பண்ணைகளிலும் கெட்டுப்போய்க் கிடக்கிற நுண்ணோக்கி, தராசு எல்லாவற்றையும் கொண்டுவந்து திருத்துவதற்கான கட்டடம். எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நுண்ணோக்கி இருந்தது. பழுதாகிவிடும் என்று அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒருவரும் தொட்டதில்லை, அதனால் கடைசிவரை பழுதாகவும் இல்லை. இதைவிடச் சிறந்த பராமரிப்பை எந்த நிலையமும் செய்யப் போவதில்லை என்பது என் கருத்து. அதை டெண்டரில் எழுத இடம் விட்டிருக்கவில்லை.

அதுவரை நான் கட்டியதெல்லாம் கக்கூஸ், மதகு, தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கூரை, ஒரு பாலர் பள்ளி. சரியாகச் சொன்னால் கட்டியது நானில்லை, எங்கள் தலை மேசன். உக்குவளை முஸ்லிம் ஆள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சுவர் எழுப்புவது அவர் பொறுப்பு, அது விழுமா என்று கவலைப்படுவது என் பொறுப்பு. இப்படித்தான் வருஷக்கணக்காகத் தொழில் நடந்தது.

அந்த வருஷம் வேலை வற்றிப்போனது. மாலைதீவில் ஹோட்டல் கட்ட ஆள் சேர்க்கிற டவுன் ஏஜண்ட் ஒருவன் நானாவைப் பிடித்துவிட்டான். விசாவும் தயார்.

"இந்த டெண்டர் உங்களுக்கு விழுந்தா நான் நிக்கிறேன் தம்பி. விழாட்டி கடலப் பாத்துக்கிட்டு கல்லு வைக்கப் போறேன். அங்க யாரும் காலங்காத்தால போன் கோல் எடுத்து, 'நானா, நேத்து போட்ட பீம் இன்னும் இருக்கா'ன்னு கேக்க மாட்டாங்க."

அவர் போனால் என்னால் கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது. அதனால் டெண்டர் பத்திரத்தை வாங்கினேன்.

விலை போடுவதற்கு முன்னால், விலை போடுகிற எல்லாரையும் அந்தக் காணிக்கே கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்பார்கள். சந்தேகம் இருந்தால் அங்கே கேட்கலாம். விவரம் தெரிந்த கட்டடக் கொந்தராத்துக்காரர்கள் அங்கே வாயே திறக்க மாட்டார்கள். தலையை ஆட்டுவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். காரணம், ஒருவன் கேட்கிற கேள்விக்கான பதிலை எழுதி எல்லாருக்கும் அனுப்புவது விதி. கேட்பவன் தன் மூளையை மற்றவர்களுக்கு இலவசமாகப் பங்கு போடுகிறான் என்று அர்த்தம்.

இது எனக்குத் தெரியாது. கூட்டத்தை நடத்திய இஞ்சினியர் மாத்தயா "கேள்வி ஏதாவது?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"மாத்தயா, பின்னால மலையில குவாரி இருக்கே. வெடி வச்சா தராசு ஆடாதா?"

அவர் மலையைப் பார்த்தார். அதுவரை அது அங்கே இருந்ததையே கவனித்ததில்லை போலிருந்தது.

"மாத்தயா, அந்தப் பாலத்துல கொங்கிரீட் லொறி ஏறினா பாலம் தாங்குமா?"

"மாத்தயா, இந்தப் பக்கம் குரங்கு கூட்டம் கூட்டமா வருது. கட்டடத்த ஒப்படைக்கிறதுக்கு முன்னால கூரை ஓட்ட ஒடச்சிருச்சின்னா அது யார் கணக்கு?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. கண்டியிலிருந்து வந்திருந்த பெரிய கொந்தராத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். அடைமழைக்குக் காணியில் தண்ணீர் நிற்குமா, கிணறு தோண்டினால் பாறை வருமா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். நானா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

"ஓய், வாய மூடுங்க. ஊருக்கே டியூஷன் குடுக்கிறீங்களே!"

சில நாளில் எல்லாருக்கும் எழுத்தில் பதில் வந்தது. என் கேள்விகள் அழகான அரசாங்க மொழியில் வரிசையாக நின்றன. "குரங்குகளால் ஏற்படக்கூடிய சேதம்" என்று பார்த்தபோது எனக்கே மரியாதை வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: விலை சமர்ப்பிப்பவர் நேரில் சென்று பார்வையிட்டுத் தம்மைத் திருப்திப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பொறுப்பைத் தட்டிக் கழிக்க அவர்கள் எழுதிய வசனம் அது என்று நானா சொன்னார். அரசாங்கமே எழுத்தில் சொன்னதற்குப் பிறகு போகாமல் வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பல்லேபொலைக்குப் போக ஆரம்பித்தேன். குவாரியைப் போய்ப் பார்த்தால், எப்போதோ மூடிவிட்டார்கள். உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பாலத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். மணல் டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின, பாலம் அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கிணறு பற்றிக் கேட்டேன். பாறை இல்லையாம். குரங்கு பற்றிக் கேட்டதற்கு, "அதுகளுக்கு ஒங்க ஓடு என்னத்துக்கு? எங்க கொய்யா மரம் இருக்கே" என்றாள். இரண்டாவது தடவை போனபோது தேத்தண்ணி தந்தாள். மூன்றாவது தடவை அவள் புருஷன் வெளியே வந்து, "நீ யார்?" என்று கேட்டான். அதோடு என் ஆய்வு முடிந்தது.

விலையை எழுதி உறையை அரக்கு வைத்து ஒட்டிப் பெட்டியில் போட்டோம். பெட்டி பூட்டுகிற நேரம் தாண்டியதும் அங்கேயே திறந்து, எல்லார் முன்னிலையிலும் விலைகளைச் சத்தமாக வாசிப்பார்கள். நானாவும் என்னோடு வந்திருந்தார். ஏஜண்டுக்கு அன்று பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

முதல் விலையை வாசித்தார்கள். என் காது கூசியது. அவ்வளவு பெரிய தொகை. அடுத்தது அதைவிடப் பெரிது. கண்டிக்காரருடையதை வாசித்தபோது வாசித்த கிளாக்கரே ஒருமுறை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் என்னுடையது வந்தது. எல்லா விலைக்கும் அடியில், தனியாக.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வேர்த்துக் கொட்டியது.

"நானா, நான் என்னமோ விட்டுட்டேன். மேல் மாடிய விட்டுட்டேன்."

"தம்பி, அதுக்கு மேல் மாடியே இல்ல."

"அப்ப கூரைய விட்டுட்டேன்!"

வெளியே வந்தபோது கண்டிக்காரர் தன் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார்.

"குவாரிக்கு ஒரு தொகை போட்டேன், பாலத்துக்கு ஒன்று போட்டேன், குரங்குக்குக்கூடப் போட்டேன்! எல்லாத்தையும் கேட்டவன் நீ. நீ ஏன் போடல?"

"நான் போய்ப் பாத்தேன், மாத்தயா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னொரு தடவை வேர்த்தேன். எல்லாரும் என் பயத்தை வாங்கி விலையில் ஏற்றியிருக்கிறார்கள். என்னிடம் மட்டும் அது தீர்ந்துபோயிருக்கிறது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

இஞ்சினியரிடம் வேலை எப்போது தொடங்கும் என்று நானா கேட்டார். விலைகளைக் குழு பரிசீலிக்க வேண்டும், மேலே போக வேண்டும், மாதங்கள் ஆகலாம் என்றார். மாலைதீவு விமானம் அவ்வளவு காலம் நிற்காது.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். "நீங்க போங்க நானா," என்றேன். "அது நிச்சயம். இது மேல போயி கீழ வராமலே போயிரலாம். நம்பிக்கிட்டு இருந்து நீங்க..."

"நான் ஒங்ககிட்ட கருத்துக் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார். ஏஜண்டிடம் பேசும்போது குரல் திடீரென்று நோயாளிக் குரலானது. "கால் போச்சு மாஸ்டர்... ஓ, சாரத்துப் பலகையில இருந்து விழுந்து... எலும்புதான்... டொக்டர் நடக்கவே ஏலாதுன்னு சொல்லிட்டார். அல்லாட நாட்டம், என்ன செய்ய."

போனை வைத்துவிட்டு எழுந்து இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நானா, அந்த ஆளோட ஒபிஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதானே? ஒங்களக் கண்டா?"

சில மாதம் கழித்து, வேலை எங்களுக்குத்தான் என்று கடிதம் வந்துவிட்டது. அத்திவாரம் முடிந்து, சுவர் இப்போது கதவு நிலைக்கு மேல், லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. பல்லேபொலையில் நானா சாரத்தில் குரங்குபோல ஏறுகிறார். சாமான் வாங்க மாத்தளை டவுனுக்குப் போனால் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நொண்டத் தொடங்குவார். போன கிழமை ஹார்ட்வெயார் கடை வாசலில் ஏஜண்ட் எதிரே வந்து, கால் எப்படி என்று விசாரித்தான். நானா பெருமூச்சு விட்டு வலது காலைத் தடவினார்.

போன மாதம் அது இடது கால். எனக்கு ராத்திரி நித்திரை வரவில்லை.