வீட்டுப் பெட்டியில் இருந்த ரிப்போர்ட்

காலையில் தரமணி ஆபீசில் என் மேசை போன் அடித்தது. அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா. அப்பாவுக்கு மூச்சு வாங்கி, சேர்த்துவிட்டாளாம். "பழைய ஆஞ்சியோ ரிப்போர்ட்டை உடனே அனுப்பச் சொல்றாங்கடா. இல்லேன்னா மறுபடி எடுக்கணுமாம். அதுக்குப் போடற மருந்து அவர் கிட்னிக்கு ஆகாதாம்."

ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து மேற்கு மாம்பலம் வீட்டு சர்வரில் போட்டுவிட்டு, காகிதத்தை எடைக்குப் போட்ட புத்திசாலி நான்தான். சர்வர் என்றால் டிவி பக்கத்தில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் நெட்வொர்க்கில் வெளியே போகும் வழியை முக்கால்வாசி அடைத்திருப்பார்கள். நெட்வொர்க் பார்ப்பவரிடம் கெஞ்சி, என் பெட்டிக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தேன். அன்றைக்கு அது திறக்கவில்லை. "நேத்து வரைக்கும் வந்ததை ஏங்க அடைச்சீங்க?" என்று அவர்மேல் பாய்ந்தேன். "நாங்க எதையும் தொடலை சார்" என்றார். நம்பாமல் ஒரு மணி நேரம் அவர் உயிரை எடுத்தேன். கடைசியில் வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்திருந்த செல்போனை வாங்கி, அதில் முயன்றேன். அதிலும் வரவில்லை. கோளாறு ஆபீசில் இல்லை, வீட்டில் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வீட்டுல கரண்ட் இருந்துதாம்மா?"

"மெயினை அணைச்சுட்டுத்தானே பூட்டினேன். எப்ப திரும்புவோமோ."

வீட்டைப் பூட்டினால் மெயினை அணைப்பாள், வருஷக்கணக்காக அப்படித்தான். அவளை என்ன சொல்ல? தெரிந்தும் பெட்டியை நம்பியது நான். ஆட்டோ பிடித்து, சைதாப்பேட்டை நெரிசலில் வெந்து, வீட்டுக்குப் போய் மெயினைப் போட்டேன். அந்தச் சனியன் உயிர் பெறும்வரை செருப்போடு நின்று, ரிப்போர்ட்டை அனுப்பினேன். அதற்குள் அப்பாவை மறுபடி ஆஞ்சியோ எடுக்க உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

சாயங்காலம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே வந்திருந்தா அவரைத் தொந்தரவு பண்ணியிருக்க வேண்டாம்" என்றார். கிட்னி எப்படி இருக்கிறதென்று ரெண்டு நாள் பார்க்கவேண்டுமாம்.

அப்பா கையில் கட்டோடு கண் விழித்தார். "ரிப்போர்ட் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுப்பா."

"நல்லவேளை. எல்லாத்தையும் நீ பத்திரமா எடுத்து வெச்சிருந்தே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.