சுகிர்தம் சிஸ்டரும் நாங்கள் கேட்காத டாக்டரும்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போதகர் செல்போனில் அழைத்தார். "சிஸ்டர் போயிட்டாங்க" என்றார். எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. ஆரணியில் எங்கள் சபையில் சிஸ்டர் என்றால் ஒருவர்தான். மின்வாரியத்து எழுத்தரான எனக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது புதிதல்ல. அன்று அந்த இரண்டு வரியை முடிக்க மூன்று தாள் கிழித்தேன்.

சுகிர்தம் சிஸ்டரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிரசங்கம் அரை மணியைத் தாண்டினால் முதல் வரிசையிலேயே தூங்கிவிடுவார். ஊழியத்துக்குப் புறப்படும்போது யாராவது தாமதித்தால் மட்டும் பொறுக்கமாட்டார். "ஜல்தி வாங்க, ஆண்டவர் நமக்கு முன்னாடியே போய் நின்னுகினு இருக்கார்" என்பார். அதை ஒரு பேச்சாகத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன், களம்பூர் முகாம் நாள் வரைக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சபைச் செயலாளராக இருந்தேன். சிஸ்டர் அப்போதுதான் நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்குக் குடிவந்திருந்தார். ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போவோம். பெரும்பாலான வீடுகளில் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே அனுப்பிவிடுவார்கள். சரோஜா என்ற பெண் மட்டும் ஒருநாள் எங்களை உட்காரச் சொன்னார். உள்ளே தறி சும்மா கிடந்தது. காஞ்சிபுரத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன கணவர் ஏகாம்பரம் மூன்று வருடமாகத் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று தெருவில் பேச்சு.

"எங்க சாமிகிட்ட தினம் கேட்டுகினுதான் இருக்கேன்" என்றார் சரோஜா. "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க சிஸ்டர். அவரு உயிரோட இருந்தா வரட்டும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சிஸ்டர் ஏகாம்பரத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். ஒரு வருடம் ஓடியது. எங்களில் பலருக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான்.

அந்த வருடம் பெரணமல்லூரில் கண் சிகிச்சை முகாம் நடத்தத் தீர்மானித்தோம். மூன்று மாதம் அதற்காகவே ஜெபம். நல்ல கண் டாக்டர் வேண்டும், பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும். இரண்டும் கிடைத்தன. நோட்டீஸ் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. முகாமுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பள்ளியில் பரீட்சை இருக்கிறது, இடம் தர முடியாது என்றார்கள். சிஸ்டர் எங்கோ போய், களம்பூரில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் பேசி, நெல் காயவைக்கும் களத்தில் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிவந்தார். அந்த முதலாளியின் தாயாரை ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்டவர் சிஸ்டர்தான். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கண் டாக்டரிடமிருந்து போன். அவர் வீட்டில் ஒரு சாவு. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று தன் நண்பரை அனுப்புகிறாராம். நண்பர் தோல் டாக்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு தெரியாம வர்றவங்ககிட்ட தோலைக் காட்டுங்கன்னு சொல்றதா சிஸ்டர்? ஊர் சிரிக்கும். நிறுத்திடலாம்" என்றேன்.

"கேட்டது நாம. குடுக்கிறது அவரு" என்றார் சிஸ்டர். "வந்ததை வாங்கிக்குங்க."

முகாம் அன்று ஊர் சிரிக்கத்தான் செய்தது. பெரணமல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர்கள், கண் டாக்டர் இல்லை என்றதும் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். நான் வேப்பமரத்தடியில் மேசை போட்டு, வருகிற ஒன்றிரண்டு பேருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். என் பார்வையை யாரும் சந்தித்துவிடக் கூடாது என்று தலை குனிந்தே இருந்தேன்.

மில் வேலையாட்கள் சிலர் முகாம் பக்கம் வராமலே இருந்தார்கள். சிஸ்டர் ஒரு தூக்கில் டீயை எடுத்துக்கொண்டு அவர்களிடமே போனார். என் மேசைக்குப் பத்தடி தூரத்தில், மூட்டை அடுக்கின் ஓரமாக, தாடி வைத்த ஒருவர் அறுந்துபோன சணல் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். அவர் அந்தச் சணலுக்கு முடிச்சுப் போடவில்லை. இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, வலது கைக் கட்டைவிரலால் உருட்டித் திரித்து இணைத்தார். தறியில் இழை அறுந்தால் நெசவாளர்கள் அப்படித்தான் இணைப்பார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிஸ்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆரணியில எந்தத் தெருங்க?"

"நான் ஆரணி இல்லீங்க. வந்தவாசிப் பக்கம்."

"உங்க கை ஆரணின்னு சொல்லுதே."

அவர் சணலை இன்னும் இறுகத் திரித்தார். சிஸ்டர் அவசரப்படாமல் பேசினார். "நான் குடியிருக்கிற தெருவுல சரோஜான்னு ஒருத்தங்க. ரெண்டு பொண்ணுங்க. வீட்டுக்காரர் வருவார்னு தறியைக்கூட பிரிக்காம வெச்சிகினு இருக்காங்க."

அந்த மனிதர் நிமிரவே இல்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "பெரியவ இன்னும் பள்ளிக்கூடம் போறாளாம்மா?"

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

பிறகு அவர் துண்டை அவிழ்த்தார். இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. கையில் நீராவிக் குழாய் சுட்ட புண். சுட்டதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தறியில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே முதலில் உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் வந்திருக்கிறது, பிறகு விரலில் இழை படுவது தெரியாமல் போயிருக்கிறது. தொழுநோய் என்று தானே முடிவுசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார். "பொண்ணுங்களுக்கும் ஒட்டிக்கினா? யாரு கட்டிப்பாங்க? ஓடிப்போனவன் பொண்ணுன்னா பரவாயில்ல, இந்த நோய்க்காரன் பொண்ணுன்னு பேர் வரக் கூடாதும்மா" என்றார்.

இருபதடி தள்ளி, அவரைக் குணப்படுத்தத் தெரிந்த டாக்டர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கேட்காத இடத்தில், நாங்கள் கேட்காத டாக்டர். வெயில் சுட்டெரித்த அந்தக் களத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து நிற்க வேண்டும் போலவும், கீழே விழ வேண்டும் போலவும் இருந்தது.

டாக்டர் அவர் கையைத் தன் வெறும் கையால் பிடித்துப் பார்த்தார். "மாத்திரை இருக்கு, அரசாங்கமே சும்மா தருது. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே யாருக்கும் பரவாது. முழுசா முடிச்சா நோய் போயிடும். மடங்கின விரல் மட்டும் எவ்வளவு நிமிரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். ஏகாம்பரம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டில் சொல்லலாமா என்று சிஸ்டர் கேட்டதற்குத் சரி என்று தலையசைத்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சரோஜாவோடு நாங்கள் களம்பூர் போனோம். மில் வாசலில் கணவரைக் கண்டதும் சரோஜா நேரே போய் அந்தக் கையை எடுத்துப் பார்த்தார். "இதுக்கா? நாலு வருஷம் இதுக்காய்யா?" என்று கேட்டு அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இன்னொரு அடி வைக்கப் போனவர் அந்தத் தோளிலேயே சாய்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணுங்க வாசல்லயே நின்னுகினு இருக்குதுங்க. கிளம்பு" என்றார்.

ஏகாம்பரம் குணமானார். விரல்கள் நிமிரவில்லை. அதனால் சரோஜா தறியில் உட்கார்ந்தார், ஏகாம்பரம் குறுக்கு இழையான ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுத்தார். மூத்தவளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கையைப் பற்றிக் கேட்டார்கள். சிஸ்டர் தன் யூனிஃபார்மோடே போய் ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு வந்தார். கல்யாணம் நடந்தது.

அந்தக் குடும்பம் சபைக்கு வந்துவிட்டதா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். வரவில்லை. சரோஜா வீட்டில் இன்றும் அவர்கள் சாமி படத்துக்குத்தான் விளக்கு எரிகிறது. "நான் அவங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். ஆண்டவர் வீட்டுக்காரரைக் குடுத்தார். மீதி அவங்களுக்கும் அவருக்கும் நடுவுல" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த முகாமைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒருமுறை நானும் கேட்டேன்: "கண் டாக்டரே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சிஸ்டர்?" அவர் சிரித்தார். "எனக்கு என்னங்க தெரியும்? நான் நர்ஸு. போடுன்னா ஊசி போடுவேன்."

அடக்கத்துக்கு ஏகாம்பரமும் சரோஜாவும் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்க. இன்னும் எவனாவது எங்கயாவது ஒளிஞ்சிகினு இருப்பான்" என்றார் ஏகாம்பரம்.

கடைசியாக சிஸ்டரை வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டிலருகே நின்று நீளமாக ஜெபித்தேன். இந்த மருந்து வேலை செய்ய வேண்டும், சிறுநீரகம் இப்படி ஆக வேண்டும், இந்த வாரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆமென் சொல்வதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆண்டவருக்கே ரூட்டு போட்டுக் குடுக்கிறீங்களே தம்பி. என் பேரைச் சொல்லுங்க, போதும்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியம். சென்ற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் முறை வந்தது. சந்தவாசலில் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்காக ஜெபிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாயின் பெயரைச் சொன்னேன், மகனின் பெயரைச் சொன்னேன். எங்கே தேடலாம், யார் மூலமாக வரலாம் என்று நாக்கு நுனிவரை வந்த யோசனைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பயமாக இருந்தது. யாரோ ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதைப் போல இருந்தது.