முழங்காலடியில் ஒரு மயில்கழுத்துப் புடவை

'அகெயின்' என்ற ஆங்கிலச் சொல்லை, பள்ளியில் படிப்பதற்கு முன்பே அத்தை வேலை பார்த்த பட்டுக்கடையில் கேட்டுவிட்டேன். பின்னாளில் ஆசிரியை கரும்பலகையில் 'மறுபடியும்' என்று மட்டும் பொருள் எழுதியபோது, இவ்வளவுதானா என்றிருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரான அத்தை, கடையில் சேர்ந்த சில வாரங்களிலேயே அந்தச் சொல்லின் குணங்களையெல்லாம் அறிந்துவைத்திருந்தார். 'ஒன்ஸ் அகெயின்' என்று சிரித்துக் கேட்பவர்கள் வாங்குவார்களாம். 'அகெயின் அண்ட் அகெயின்' என்று சலித்துக்கொள்பவர்கள் கடையில் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்களாம்.

அது கோடை விடுமுறை. அப்பாவும் அம்மாவும் தறியில் இருந்ததால், அத்தை என்னைக் கடைக்கு அழைத்துப்போவார். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த பிறகுதான் அவருடைய வேலை நிச்சயம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலை அத்தைக்கு எவ்வளவு தேவை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டாருடையது. ஆகவே தேர்வும் மாப்பிள்ளையின் தாயாருடையதாகவே இருந்தது. மணப்பெண் ஓரமாக அமர்ந்திருந்தாள். அத்தை ஒரு மயில்கழுத்துப் புடவையை விரித்துக் காட்டிவிட்டு மடிக்கத் தொடங்கியபோது, "ஒன்ஸ் அகெயின், ப்ளீஸ்" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

"அகெயினா? இன்னும் பாக்கவேண்டியதே எவ்ளோ இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் தாயார், சிரித்தபடியே. பெண் அதன்பின் வாய் திறக்கவில்லை.

அத்தை அந்தப் புடவையை அலமாரிக்கு அனுப்பவில்லை. வெள்ளை மெத்தையில் தம் முழங்காலடியில் செருகிக்கொண்டார். நாலைந்து புடவைகளுக்குப் பிறகு, புதிதாக எடுப்பவரைப் போல அதையே விரித்தார். கல்லாவில் இருந்த முதலாளி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, காட்டினதையே காட்டிக்கினு இருக்கிற? வல்லாரைக் கீரை வாங்கித் தின்னு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "மறந்துட்டேங்க" என்றார் அத்தை. எனக்கு முகம் சுட்டது. போன வருஷம் எங்கள் தறியிலிருந்து இறங்கிய புடவைகளின் கரைகளை வரிசையாகச் சொல்லக்கூடியவர் அவர். வேலை போய்விடும் என்று பயந்து, அதே தவறை இன்னொரு முறை செய்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய கை மறுபடியும் முழங்காலடிக்குப் போயிற்று.

இம்முறை வாசல் வெளிச்சத்துக்கு எதிராகத் திருப்பி, முந்தியை மட்டும் விரித்தார். நீளவாக்கில் நீல இழையும் குறுக்கே பச்சை இழையுமாக நெய்த பட்டு அது. முன்பு நீலமாகத் தெரிந்தது இப்போது பச்சையாக மின்னியது. அதே புடவை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தை என்னைப் பார்த்து, எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தண்ணீரோடு நான் திரும்பியபோது புடவை மாப்பிள்ளையின் தாயார் மடியில் இருந்தது.

"இதை ஏம்மா மொதல்லயே காட்டல?"

"என் தப்புதாம்மா" என்றார் அத்தை.

மணப்பெண் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற புடவைகளை மடிப்பதில் முனைந்திருந்தார். கடை சாத்தும்போது முதலாளி, ஆனி மாதமும் வந்துவிடுமாறு சொன்னார்; வல்லாரையையும் மறக்காமல் நினைவூட்டினார்.

தேரடி வழியாக வீடு திரும்புகையில் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீதான் எதையும் மறக்கமாட்டியே அத்தை."

"ஒரு பொண்ணு ஒரு தபாதான் கண்ணு கேக்க முடியும். அப்பறம் நாமதான் எடுத்துக் காட்டணும்."

அதைக் கடையின் விதி என்று எண்ணிக்கொண்டேன். எல்லாக் கடைகளிலும் இப்படித்தானா என்று அன்று மாலையே அம்மாவிடம் கேட்டேன். தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை அம்மா கையில் பிடித்து நிறுத்தினார்.

"எல்லா வீட்லயும் அப்டித்தான்" என்றார் பிறகு.

நான் கடையைப் பற்றிக் கேட்டால் அம்மா ஏன் வீட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.