ருமானிக்கு இரண்டு விசில்

தாட்சாயணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நான் பாலசமுத்திரத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பஸ்ஸில் கிளீனராக ஏறினேன், கண்டக்டரானேன். பிறகு சொந்தமாக ஒரு பஸ், அப்புறம் இன்னொன்று. இரண்டின் நெற்றியிலும் என் மகள் பெயர்தான்: 'பிரமிளா சர்வீஸ்'. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தணிகாசலம் வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரன் ஆற்றுகிற டீயை வைத்துவிட்டு வந்து வழி காட்டுவான். இதில் ஒரு ஆணியும் யாரும் கொடுத்ததில்லை. இவ்வளவு செய்தவனால் தன் வீட்டுக்காரியை ஒரு பிளேனில் ஏற்றி அனுப்ப முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவளை நான் முதலில் பார்த்ததே பஸ்ஸில்தான். மாங்காய் சீசனில் எங்கள் பக்கத்துப் பெண்கள் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிக்குப் பழம் நறுக்க வருவார்கள். இறங்கும் இடத்துக்கு ஒரு மைல் முன்னாலேயே, "கண்டக்டரே, நிறுத்து, நிறுத்து" என்று பஸ்ஸே அதிரும். இவள் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தகரத்தில் ஒரே ஒரு தட்டு. டிரைவர் நிறுத்திவிடுவான்.

"இன்னாம்மே, வாய் இல்லியா உனக்கு? விசில் ஊதறதுக்கு நான் ஒருத்தன் நிக்கறனே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உன் விசிலை விட என் தட்டு நல்லா கேக்குது," என்றாள். அதையும் பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். அடுத்த தை மாதம் கல்யாணம். அன்று முதல் இன்று வரை அவள் குரல் உரக்க எழும்பி எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை.

பிரமிளா ஒரே பெண். திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். பெங்களூரில் வேலைக்குப் போனாள். 2009இல் கனடாவுக்குப் போனாள். போகும்போது பெங்களூரில் வளர்த்த நாய்க்குட்டியை எங்களிடம் விட்டுப் போனாள். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. தாட்சாயணி ருமானி என்று கூப்பிட்டாள். மூஞ்சி ருமானி மாம்பழம் மாதிரி உருண்டையாக, மஞ்சளாக இருந்தது. அந்தப் பெயரே நின்றது.

மகளைப் பார்க்க தாட்சாயணி விசாவுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டாள். இரண்டு முறையும் பாஸ்போர்ட் முத்திரையில்லாமல் திரும்பி வந்தது. கூட ஒரு தாள், அதில் ஏன் மறுத்தார்கள் என்று நாலு கட்டத்தில் டிக். நான் என் பஸ் பேப்பர், வீட்டுப் பத்திரம் எல்லாம் வைத்திருந்தேன். யாரும் மதிக்கவில்லை.  அதற்கப்புறம், எங்கள் தெரு முனையில் பஸ் திரும்பும்போது அங்கே காத்திருக்கிற ஜனம், "பிரமிளா வந்துடுச்சு, வா வா" என்று கத்தும். கேட்டதும் அவள் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். பஸ் என்று தெரியும். தெரிந்தும் வருவாள். பஸ்ஸின் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "அதையும் எடுத்துடாத," என்றாள்.

2012 ஜூனில் பிரமிளா போன் செய்தாள்.

"அம்மா, ருமானிய இங்க அனுப்பிடறியா? வேலை முடிஞ்சி வந்தா வீட்ல ஒரு சத்தம் இல்லம்மா."

அவளுக்கு வீடு வாடகைக்கு விட்டவன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். நாய் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று ஒரு நாய் கிளப் பரீட்சை வைத்துச் சர்டிபிகேட் தர வேண்டும். சென்னை கிளப் ஒன்று ஜனவரியில் திருப்பதிக்கு வந்து அந்தப் பரீட்சையை நடத்தப்போகிறது. அவளோடு வேலை செய்யும் சிவசங்கரன் சங்கராந்திக்கு ஊருக்கு வருகிறான். திரும்பும்போது கூட்டிப்போவான். அந்தப் பையனை விட்டால் வேறு ஆளில்லை.

தாட்சாயணி யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டாள்.

"அதுவும் போய்ட்டா நீ இன்னா பண்ணுவ?" என்றேன்.

"என்னைத்தான் விடல. இதையாவது விடட்டும்."

பரீட்சையில் பத்து பாடம். புது ஆள் தொட்டால் சும்மா இருக்க வேண்டும், கூட்டத்தில் கயிற்றை இழுக்காமல் நடக்க வேண்டும், சொன்னால் உட்கார வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், இப்படி. எத்தனையோ கிளீனர்களை டிரைவராக்கியவன் நான், ஒரு நாயா பெரிது என்று இறங்கினேன். உட்கார் என்று அதட்டினால் ருமானி வாலை ஆட்டிக்கொண்டு என் செருப்பை நக்கும். ஒரு வாரத்தில் தாட்சாயணி என் பழைய கண்டக்டர் விசிலைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு விசில் என்றால் நில், நின்று உட்கார். இரண்டு விசில் என்றால் போ. பஸ்ஸுக்கு எதுவோ அதுவே நாய்க்கும். வீட்டுக்குள் ஊதினால் காது கிழிகிறது என்று நான் சண்டை போட்டதால் உள்ளே கதவுப் பலகையில் தட்டுவாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. ருமானிக்கு எல்லாம் ஒன்றுதான்.

கூட்டத்துக்குப் பழக்க பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிப்போனாள். கூடையில் கோழி, தலையில் மூட்டை, கரும்பு மெஷின் சத்தம், அதற்கு நடுவில் இவளும் நாயும் ஒரே வேகத்தில் நடப்பார்கள். பூக்கார கிருஷ்ணம்மா தினம் வம்புக்கு இழுப்பாள்.

"இன்னாக்கா, ருமானிக்கு ஃபுல் டிக்கெட்டா, ஆஃப் டிக்கெட்டா?"

"விசாவே போடறாங்க போடி."

"அட்லா, அப்படியா? அப்ப என்னையும் நாலு கால்ல நடக்கச் சொல்லு, நானும் வரேன்!"

பத்தாவது பாடம்தான் கஷ்டம். நாயை ஒரு அந்நியர் கையில் கொடுத்துவிட்டு, வளர்த்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். மூன்று நிமிஷம். நாய் அழக்கூடாது, அலையக்கூடாது. தாட்சாயணி கயிற்றைக் கிருஷ்ணம்மாவிடம் கொடுத்துவிட்டு நின்றிருக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். முதலில் அரை நிமிஷத்துக்கே ருமானி ஊரைக் கூட்டியது. ஆடியில் ஒரு நிமிஷம், தீபாவளிக்கு இரண்டு. மார்கழியில் மூன்று நிமிஷமும் அது பூக்கூடைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் எதிலும் தோற்க விரும்பாதவன். ரூட் பர்மிட்டுக்கு ஏழு வருஷம் அலைந்து ஜெயித்தவன். ஆனால் அந்த நாய் தோற்க வேண்டும் என்று மனசுக்குள் நினைத்தேன். அது போய்விட்டால் தெரு முனைச் சத்தத்துக்கு இவள் தனியாகத்தான் வாசலுக்கு வர வேண்டும். இப்போது கூடவே அதுவும் ஓடி வருகிறது.

ஜனவரியில் திருப்பதிக்குப் போனோம். மைதானத்தில் பதினெட்டு நாய்கள், எல்லாம் கார்களில் வந்தவை. எங்களுடையது மட்டும் பஸ்ஸில் வந்தது, அதுவும் சொந்த பஸ்ஸில். பரீட்சை வைத்தவர் சென்னையிலிருந்து வந்த பிரேமலதா என்கிற அம்மாள். தாட்சாயணி கழுத்தைப் பார்த்ததும் சொன்னார்: "விசில் கூடாதும்மா. வாயால சொல்லலாம், கையைக் காட்டலாம், தட்டலாம். வேற எதுவும் கூடாது."

விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தொடுவது, முடி சீவுவது எல்லாம் ஒழுங்காக முடிந்தது. பிறகு உட்காரச் சொல்ல வேண்டும். "ருமானி, உக்காரு," என்றாள். எனக்கே கேட்கவில்லை. ருமானி அவள் கழுத்தையே பார்த்தது. இரண்டாம் முறை சொன்னாள், அப்போதும் குரல் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனசு லேசானது. அப்படி லேசானதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

தாட்சாயணி கண்ணை மூடித் திறந்தாள். உள்ளங்கையை விரித்துத் தன் இடுப்பில் ஓங்கி ஒரு தட்டு. என் பஸ் தகரத்தில் விழுமே, அதே தட்டு. ருமானி உட்கார்ந்தது. இரண்டு தட்டு. எழுந்து கூடவே நடந்தது. அப்புறம் ஒன்பதாவது வரை எல்லாப் பாடமும் தட்டிலேயே ஓடியது. சிரித்தவர்கள் கைதட்டப் போனார்கள். நாய் குழம்பிவிடும் என்று நான்தான் அவர்களை அதட்டி நிறுத்தினேன்.

கடைசியில் பத்தாவது. கயிற்றைப் பிரேமலதா அம்மாளிடம் கொடுத்துவிட்டு தாட்சாயணி தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் போனாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அப்போது வெளியே ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆளை ஏற்றியது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான்.

ருமானி எழுந்து நின்றது.

கேட்டைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது. கயிறு இழுபடவில்லை. பஸ் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு, அது நின்ற இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்தது. மூன்று நிமிஷம் முடிந்தது. மைதானமே அமைதியாக இருந்தபோது ஒரு விசும்பல் கேட்டது. எல்லாரும் நாயைப் பார்த்தார்கள். நாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. சத்தம் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

தாட்சாயணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் முந்திக்கொண்டு கேட்டேன்: "நடுவுல எழுந்துடுச்சே மேடம், ஃபெயில்தான?"

"எழுந்துக்கலாம் சார். அழக்கூடாது. அது அழல." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பரீட்சை உங்களுக்கா இருந்தா நீங்கதாம்மா ஃபெயில்."

தாட்சாயணியும் சிரித்தாள். சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து சென்னை விமான நிலையத்தில் சிவசங்கரன் கூண்டோடு நின்றிருந்தான். ருமானி உள்ளே போகமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. அவன் தள்ளிப் பார்த்தான், நான் தூக்கிப் பார்த்தேன். தாட்சாயணி எங்களை விலகச் சொன்னாள். என் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு விசில் ஊதினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ருமானி தானாகவே நடந்து உள்ளே போனது.

வீட்டுக்கு வந்தபின் நாலு நாள் அவள் விசிலைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு பிரமிளா போன் செய்தாள். அங்கே விடியற்காலை.

"அம்மா, இது கதவாண்ட உக்காந்துகினு நகரவே மாட்டேங்குது. பனியப் பாத்து பயப்படுது. வெளிய இறங்கினாதான நான் வேலைக்குப் போக முடியும்?"

"போனை அது காதாண்ட வை."

இரண்டு விசில்.  பிறகு பிரமிளா சிரிக்கும் சத்தம். "இறங்கிடுச்சும்மா! பனில நடக்குதும்மா!"

அன்று முதல் தினம் ஏழு மணிக்கு அதுதான் வேலை. ஊதுவாள். "போச்சா?" என்று கேட்பாள். "போச்சும்மா," என்று பதில் வரும். அதற்குப் பிறகும் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே நிற்பாள். கதவு சாத்துகிற சத்தம் வரைக்கும் கேட்பாளாம்.

ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னேன்: "ஒத்தை விசில் ஊதிப் பாரேன் தாட்சா. அவ்ளோ தூரத்துல அது நிக்குதா பாக்கலாம்."

"நின்னுடும்," என்றாள். விசிலை முந்தானையில் துடைத்து ஆணியில் மாட்டினாள். "நின்னா, மறுபடி 'போ'ன்னு சொல்ல எனக்கு மனசு வராது."

தெரு முனையில் பஸ் திரும்பியது. ஜனம் கத்தியது. அவள் வாசலுக்குப் போனாள். நானும் எழுந்து கூடப் போனேன்.