முடி சூடியவர் பிணம் பார்க்கக் கூடாது

இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதியில், எங்கள் கீழ்வீட்டில் ஓர் அரசர் இருந்தார். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளில் நடந்த கதை இது. கிழமை நாட்களில் சந்தையில் மீன்பெட்டி சுமப்பார். ஞாயிறென்றால் பலேர்மோவில் இருந்த நைஜீரிய யோருபாச் சனத்துக்கெல்லாம் அவர்தான் ஓபா, அதாவது ராசா. நைஜீரியாவிலிருந்து பாசிமணி கோர்த்த முடி ஒன்று வந்திருந்தது. அதைச் சூடினால் மணிச்சரங்கள் தொங்கி அவர் முகத்தை மறைத்துவிடும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தடித்த ஆம்பிளைகள், ஈரம் ஊறிய அந்தக் கீழ்வீட்டுச் சீமெந்துத் தரையில் அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். கோயிலில் எங்கள் தமிழ் ஆட்கள் விழுவது போலத்தான். அவர்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் அவர் சொன்னால் முடிந்தது.

அவருடைய மனைவியும் நானும் ஒரே சிஞ்ஞோரா வீட்டில், இத்தாலிக்கார அம்மா ஒருத்தியிடம், வேலை. நல்ல வாய்க்காரி, எனக்கு உயிர். ஒரு நாள் உடுப்புக்கு அயர்ன் போட்டுக்கொண்டு நின்றவள் தலையைப் பிடித்தபடி விழுந்தாள். மூளையில் நரம்பு வெடித்ததாம். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டாள்.

உடலை ஊருக்கு அனுப்புவதென்று முடிவானது. பிரேத அறையில் நான்தான் அவளைத் துடைத்து, நீலச் சட்டை போட்டு, தலைத்துணி கட்டிவிட்டேன். அவளுடைய மனுசனோ தெருவின் மறுபக்கத்தில் நின்றார். நாங்கள் பேசியது அரைகுறை இத்தாலி. இப்போது எனக்குள் அது தமிழாகத்தான் கேட்கிறது.

"அண்ணை, வந்து முகத்தைப் பாருங்கோ."

"ஓபா பிணம் பாக்கக் கூடாது. பாக்கப் போறன் எண்டால் முடியை இறக்கி வைக்கவேணும், பிறகு நான் ஓபா இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியும் மண்ணாங்கட்டியும்! ஊரிலை சண்டை நடந்து பாதை பூட்டினதாலை நான் என்ரை அம்மாவின்ரை முகத்தைப் பாக்கேல்லை. அது உள்ளுக்கை கிடந்து எப்பிடி அரிக்குது தெரியுமோ?"

"முடி இல்லாட்டில் இந்தச் சனம் ஆளையாள் வெட்டிக்கொண்டு சாகும்" என்றார். பிறகு மெதுவாக, "கண் மூடியிருக்கோ?"

"ஓம்."

திரும்பி நடந்தார். "போங்கோ ராசா, போங்கோ" என்று பின்னாலேயே கத்தினேன். அவ்வளவு கோபம்.

அடுத்த நாள் காலை பிரேத அறைக்கு வந்தார், வெறுந்தலையோடு. முடியைத் துணியில் சுற்றி, வாசலில் நின்ற தங்கள் பெரியவரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவந்தார். விமானத்தில் போகும் உடலென்றால் தகரப் பெட்டியில் வைத்து, விளிம்பெல்லாம் ஈயம் உருக்கி ஒட்டிவிடுவார்கள். ஒட்டி முடித்தவன் அப்போதுதான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"திறக்கேலாதோ?"

அவன் தலையை ஆட்டினான். ஏலாது.

அந்தப் பெரிய உடம்பு பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. நெற்றி தரையில் பட்ட சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை சந்தையில் அதே ஆம்பிளைகள் அவரைக் கண்டு, நின்றபடியே கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.