சரோஜா அக்காவும் சொன்ன பேச்சுக் கேட்காத காரும்

ஏரியூரில் பேருந்தை விட்டு இறங்கி, வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போல் சரோஜா அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் காரில் ஏற்றிக்கொள்ள அவர் வரவேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மறுபடியும் வண்டி படுத்திருக்கும், பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார் என்றே நினைத்தேன். அப்போதுதான் அவர் மகள் கவிதா போனில் அழைத்தாள். "அம்மா காலைல எழுந்திரிக்கவே இல்லீங்க சித்தி. மூச்சில்ல." தூக்கத்திலேயே மாரடைப்பு வந்திருக்கிறது. வாயில் மிச்சமிருந்த திட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சரோஜா அக்கா எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர். ஏரியூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அவர் கைபட்டுப் பிறந்த பிள்ளைகள் இன்று ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். நான் அதே நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். நான் பிள்ளைகள் பெற்று அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகும் என்னைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டார். நல்லவர், தைரியசாலி. ஆனால் அந்தக் கார் விஷயத்தில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கணவர் காலமான பிறகு, யார் சொல்லியும் கேளாமல், தருமபுரியில் யாரோ பலகாலம் ஓட்டிக் கழித்த காரை வாங்கினார். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறி இறங்கும் என்பதில் அவருக்குப் பெருமை. சில மாதங்கள் ஏறி இறங்கவும் செய்தது. பிறகு ஆயுத பூஜை வந்தது. ஊரில் எல்லாரும் வண்டியைக் கழுவி முகப்பில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அக்காவுக்கு அது போதவில்லை. "வேல செய்யறதெல்லாம் உள்ள இருக்கற ஃப்யூசு பாப்பா. அத வுட்டுட்டுத் தகரத்துக்குப் பொட்டு வெச்சி என்னா புண்ணியம்?" என்று ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கதவின் உள்ளட்டையைக் கழற்றி, கண்ணாடி ஏற்றும் மோட்டாருக்கும் ஒரு பொட்டு.

அந்த வாரமே ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடத் தொடங்கியது. இண்டிகேட்டர் போட்டால் உள்விளக்கு எரிந்தது. என் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்று, பிறகு ஒரேயடியாகக் கதவுக்குள் இறங்கிவிட்டது. இதிலிருந்து யாரும் ஒரு முடிவுக்கு வருவார்கள். அக்காவும் வந்தார். பூஜை போதவில்லையாம். அடுத்த வருடம் மஞ்சள் தண்ணீரையும் தெளித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பழுது பார்ப்பதும் அவரேதான், அதுவும் செவிலியர் முறையில். அறுந்த ஒயருக்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. கண்ணாடி ஓடும் காடிக்குச் சிரிஞ்சில் விளக்கெண்ணெய். "கட்டுப் போட்டாச்சு, கொஞ்ச நாளு அசையாம இரு" என்று கதவைத் தட்டிக்கொடுப்பார். கட்டு நிற்காத நாட்களில் அவர் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொள்ள, நான் ஓட்டவேண்டும். அவரே ஓட்டினால் ஏரியூர் செம்மண் முழுவதும் என் மேல்தான். மாரண்டஹள்ளியில் தங்கை கல்யாணத்துக்கு இந்தக் காரில் போய்ப் பட்டுப்புடவையோடு இறங்கினேன். "எந்தச் சூளைலேர்ந்து வர்ற கண்ணு?" என்று சொந்த மாமாவே கேட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு பகல். மாதம்மாள் என்ற தலைப்பிரசவக்காரிக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கை கால் இழுத்துக்கொண்டது. பெண்ணாகரம் ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியை ஏற்றிப் போயிருந்தது. அக்கா காரைக் கொண்டுவந்தார். மாதம்மாளும் மாமியாரும் பின்னால், நான் முன்னால். சாரல் என்னைத் தாண்டி அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தது. கதவுக்குள் கைவிட்டுக் கண்ணாடியை மேலே இழுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வைப்பர் ஆடவேண்டும் என்பதற்காக அக்கா வழிநெடுக ஹார்னை அமுக்கினார். அந்த இரைச்சலிலும் நான் திட்டினேன். மாமியாரும் சேர்ந்துகொண்டார்: "ஏம்மா, இந்த வண்டிய எதுக்கும்மா வூட்டுல வெச்சிருக்கீங்க?"

வழியில் வண்டி அணைந்தே போனது. மாதம்மாளின் கண் செருகிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றி, பொட்டு வைத்த அதே ஃப்யூஸ் பெட்டியில் ஓங்கி ஓர் அடி போட்டார். வண்டி கிளம்பிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் கத்தினேன். "எலக்ட்ரீசியன்கிட்ட வுடுங்க, இல்லன்னா வித்துத் தொலைங்க. இனிமே நான் இதுல ஏற மாட்டேன்."

அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "வித்துடறேன். அடுத்த தடவ ஆம்புலன்சு வர்ற வரைக்கும் வலி எடுத்தவள எங்க படுக்க வெப்ப, சொல்லு. வண்டி நின்னா தட்டி எழுப்பிக்கலாம் பாப்பா. புள்ளத்தாச்சி ரோட்டுல நிக்கக் கூடாது."

அவர் சொன்னது சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. கவிதாவும் நானும் நச்சரித்து அவரை எலக்ட்ரீசியனிடம் கூட்டிப் போனோம். எலக்ட்ரீசியன் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, "இனிமே உள்ள பொட்டு வெக்காதீங்கம்மா" என்று கும்பிட்டே கேட்டுக்கொண்டார். அக்கா பவ்வியமாகத் தலையாட்டினார். அடுத்த ஆயுத பூஜை முடிந்ததும் ஹார்ன் ஊமையானது, என் பக்கத்துக் கண்ணாடி மறுபடியும் கதவுக்குள் இறங்கியது. "சின்னதாத்தான் வெச்சேன் பாப்பா" என்றார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் போன் அடித்தது. எடுத்த கவிதா என்னிடம் நீட்டினாள். ஓர் ஆண் குரல். "அக்கா, எங்க வூட்டுல அவளுக்கு வலி எடுத்துடுச்சிங்க. ஆம்புலன்சு வர நேரமாவும்ங்கறாங்க. வண்டி எடுத்துட்டு வரீங்களா?"

அவருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. நானும் சொல்லவில்லை. "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வரேன்" என்று ஊரைக் கேட்டுக்கொண்டு சாவியை எடுத்தேன்.

திட்டுவதற்குத் தயாராகத்தான் சாவியைத் திருகினேன். ஒரே திருகில் கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணும் கணவரும் பின்னால் ஏறியபோது தூறல் விழுந்தது. நம்பிக்கையே இல்லாமல் பொத்தானை அழுத்தினேன். நான் வழக்கமாக உட்காரும் காலி இருக்கைப் பக்கத்துக் கண்ணாடி ஒரு முனகல்கூட இல்லாமல் மேலே ஏறி, விளிம்பில் போய்ப் பொருந்தி நின்றது. எப்போது சரிசெய்தார், யாரிடம் கொடுத்தார், ஒன்றும் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா, இத்தனை வருடம் என்னை மண்ணிலும் மழையிலும் உட்கார வைத்தீர்கள். வாய்விட்டுப் பாராட்ட ஒரே ஒரு நாள் கிடைத்தது, அன்றைக்குப் பார்த்து நீங்கள் இல்லை. இந்தக் கோபம் எனக்கு லேசில் ஆறாது. போய் வாருங்கள். அந்தப் பெண் ரோட்டில் நிற்கவில்லை.